பின்னிருக்கையில் முப்பது விநாடி

பிறந்த நாள்: 1966, ஜூலை 9. தொழில்: கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பணியில் சேர்ந்த நாள்: 1994, பிப்ரவரி 1. பணியிடம்: மாமனார் தொடங்கி, அவருக்குப் பின் மைத்துனர் நடத்திவரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. சாலையில் ஏற்படுத்திய விபத்து: இல்லை. நின்றிருந்த வண்டியால் நேர்ந்த விபத்து: ஒன்று, 1997இல் பள்ளி வாசலில், அவர் கதவைத் திறந்த நேரத்தில் ஒரு பால்காரரின் மிதிவண்டி வந்து மோதியது. தவறு யாருடையது என்பதில் இரு தரப்பும் இன்றுவரை உடன்படவில்லை. பெயர்: அலுவலகச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் உரிமத்தில் முழுதாக ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்.

பட்டப்பெயரின் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. பயிற்சி வண்டியில் ஓட்டுபவருக்கு இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்பவர் தடுமாறும்போது கற்பிப்பவர் மிதிப்பதற்காக. பிரேக் மாஸ்டரின் வலது கால் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த இரண்டாம் பிரேக்குக்கு ஓர் அங்குலம் மேலே காத்திருந்து பழகியது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அது ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பேருந்தில் போனால் முன்னிருக்கைக்காரரின் காலணியை மிதிக்கும். திரையரங்கில் கதாநாயகன் காரை விரட்டினால் முன்வரிசை ஆள் திரும்பி முறைப்பார். உறக்கத்திலும் விடுமுறை கிடையாது.

"நேத்து யாருக்கு பிரேக் போட்டீங்க? என் முழங்கால் கன்னிப்போயிருக்கு" என்று மனைவி காலையில் கேட்பார்.

"லாரி ஒண்ணு குறுக்க வந்துச்சு."

"படுக்கையறைலயா?"

அந்த மனைவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். தண்ணீர் வராதவர்கள், கலங்கலாகப் பிடிப்பவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருவதைக் கண்டு கொதிப்பவர்கள் ஆகிய அனைவரின் வசவும் முதலில் அவர் காதில்தான் விழும். யார் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் ஏறாது, இறங்காது. "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க. வேற ஏதாவது சொல்லணுமா?" என்பார். குழாயைப் பிடுங்கி வந்து ஆபீசையே அடித்து நொறுக்கப்போவதாக மிரட்டிய ஒருவரிடம், "எத்தனை அங்குலக் குழாய்ங்க?" என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவர்.

2019 ஜூன் மாதம் புகார்ப் பிரிவு நகரின் மறுகோடிக்கு மாற்றப்பட்டது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். மனைவி ஒரு வாரம் போய்வந்தார். எட்டாம் நாள், தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப்போவதாக அறிவித்தார்.

"நல்ல யோசனை. உன் தம்பிகிட்டச் சொல்றேன், அவனே கத்துக்கொடுப்பான்" என்றார் பிரேக் மாஸ்டர்.

"ஊருக்கெல்லாம் சொல்லித்தர்ற மனுஷன் வீட்டுல இருக்கும்போது நான் ஏன் அவன்கிட்டப் போகணும்?"

இதற்குப் பதில் சொல்லித் தப்பித்த கணவர் எங்கும் இல்லை. ஜூன் 30 முதல் புதனும் ஞாயிறும் காலை பயிற்சி என்று ஏற்பாடாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் பிரேக் மாஸ்டருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது.

பயிற்சியாளர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 31க்குள் மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். சான்று இல்லாவிட்டால் நவம்பர் முதல் தேதியிலிருந்து அந்த இரண்டாம் பிரேக்கின் மேல் கால் வைக்க முடியாது. வழக்கமாகப் பத்து நிமிட வேலை. இம்முறை மருத்துவர், "நெஞ்சுல படபடப்பு ஏதாவது உண்டா சார்?" என்று வழக்கம்போலக் கேட்க, பொய் சொல்லிப் பழகாத மனிதர், "அப்பப்ப உண்டு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மருத்துவர் இளம்பெண். மார்பில் ஒட்டும் கம்பிகளை எல்லாம் பொருத்தி, படுக்கவைத்து, இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தார். கோடு ஒழுங்காக ஓடியது.

"இது இப்படித்தான் டாக்டர்" என்றார் பிரேக் மாஸ்டர் வருத்தத்துடன். "மெக்கானிக் முன்னாடி நிறுத்தினா எந்த வண்டியும் சத்தம் போடாது."

"எப்ப எப்ப வருது?"

பக்கத்து நாற்காலியில் மனைவி அமர்ந்திருந்தார்.

"வேலை நேரத்துலதான்."

"எல்லாருக்கும் கத்துக்கொடுக்கும்போதா?"

பிரேக் மாஸ்டர் சுவரில் தொங்கிய இதயத்தின் பெரிய படத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி ஒன்றும் வரவில்லை. "ஒரு சிலருக்கு மட்டும்" என்றார்.

"அந்த பேங்க்காரரா?" என்று மனைவி குறுக்கிட்டார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டர். அந்தாளு கியரைப் பிடிக்கிற பிடியே சரியில்ல."

"ஆமா. பேங்க்காரர்தான்" என்றார் பிரேக் மாஸ்டர். ஒரு பாவமும் அறியாத வங்கி ஊழியர் ஒருவர் மருத்துவக் குறிப்பில் இவ்வாறு இடம்பெற்றார்.

மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்தார். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். சட்டைப் பையில் அடங்கும். மேலே இரண்டு உலோகத் தகடுகள். படபடப்பு வந்தவுடன் இரு கட்டைவிரல்களையும் இரு தகடுகளில் வைத்து முப்பது விநாடி பிடிக்க வேண்டும். இதயத்தின் ஓட்டம் பதிவாகி, கைபேசி வழியாக மருத்துவமனைக்கு வந்துவிடும். பச்சை விளக்கு எரிந்தால் நலம்; மஞ்சள் எரிந்தால் பதிவு தெளிவில்லை; சிவப்பு எரிந்தால் மருத்துவமனையே கூப்பிடும்.

"ரெண்டே விஷயம் சார். அசையக்கூடாது, பேசக்கூடாது. காலை அழுத்தினாகூட தசை இறுகி கோடு கலைஞ்சிடும். படபடப்பு இருக்கும்போது எடுத்த ஒரு நல்ல பதிவைப் பார்க்காம நான் சான்றுல கையெழுத்துப் போடமாட்டேன்."

அசையக்கூடாது, பேசக்கூடாது, காலை அழுத்தக்கூடாது. ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவருக்கு மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை மிச்சமில்லை.

பிரேக் மாஸ்டர் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வங்கி ஊழியர் எதிர்த்திசையில் வந்த வண்டிகளுக்கு நடுவே புகுந்து மறுபுறம் வெளிப்பட்டார். பச்சை. கல்லூரி மாணவி ஒருத்தி ரிவர்ஸ் எடுத்து ஒரு பூந்தொட்டியைத் தரைமட்டமாக்கினாள். பச்சை. மனைவி புதன்கிழமை காலை இரண்டாம் கியரில், ஆளில்லாத தெருவில், ஆமை வேகத்தில் போனார். நெஞ்சு தடதடவென்று அடித்தது. பிரேக் மாஸ்டர் கருவியை எடுத்து இரு கட்டைவிரல்களையும் வைத்தார். நான்காம் விநாடியில் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மஞ்சள்.

"ஏங்க, எதுக்குப் பிரேக் போட்டீங்க? ரோட்டுல ஒரு காக்கா கூட இல்லையே."

"வரலாம்."

"காக்காவா?"

அடுத்தது அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பாடம், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்புவது. இதற்குப் பள்ளியில் மாமனார் காலத்து முறை ஒன்று உண்டு. மேட்டில் நின்றவுடன் இரு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள கைப்பிரேக்கைப் பயிற்சியாளர் பிடிப்பார். அவர் கையின் மேல் கற்பவர் கை வைப்பார். கிளம்பும்போது இருவரும் சேர்ந்தே விடுவிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் சொல்லாமல் கையை எடுப்பது கொலைக்குற்றம். இதற்கு இரட்டைப் பிடி என்று பெயர். பள்ளியில் சேர்ந்தவர்கள் அனைவரும் முதல் நாளே இதை ஒப்பிக்க வேண்டும்.

மனைவி மேட்டின் நடுவில் நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. பின்னால் ஒரு வேன் வந்து ஒட்டி நின்று ஹாரனை அழுத்தியது. இரட்டைப் பிடி விழுந்தது. அந்த நேரம் பார்த்து பிரேக் மாஸ்டரின் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது.

"வந்துடுச்சு!" என்றார்.

"என்ன? லாரியா?"

"படபடப்பு!" இடது கையால் சட்டைப் பையைத் துழாவிக் கருவியை எடுத்தார். இடது கட்டைவிரலை ஒரு தகட்டில் வைத்தார். வலது கை கைப்பிரேக்கில். அதன் மேல் மனைவியின் கை. "கையை எடு, நான் இன்னொரு விரலை வைக்கணும்."

"நான் எடுத்தா நீங்களும் எடுப்பீங்க. வண்டி உருண்டா?"

"அப்ப எடுக்காதே!"

"ஒரு வழியா சொல்லுங்க. எடுக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம், வேண்டாம். பிடி!"

வேன்காரர் ஹாரனில் முழங்கையையே வைத்துவிட்டார். கருவி பிரேக் மாஸ்டரின் உள்ளங்கையில் சரிந்தது. ஒரு தகடு காலியாக இருந்தது.

"இன்னொரு கட்டைவிரல்தானே வேணும்? என்னோடதை வைக்கவா?" என்றார் மனைவி.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். ஆனால் பிரேக் மாஸ்டர் வாழ்ந்த உலகத்தில் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தது: இரண்டு கிளட்ச், இரண்டு பிரேக், ஒரே பிடியில் இரண்டு கை. ஒருவர் செய்ய முடியாததைப் பக்கத்தில் இருப்பவர் செய்வதுதான் அங்கே சட்டம். "வை, சீக்கிரம் வை" என்றார். மனைவி வலது கட்டைவிரலை வைத்தார். முப்பது விநாடி இருவரும் சிலைபோல் அமர்ந்திருந்தார்கள். வேன்காரர் இறங்கி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு சின்னப் பெட்டியை ஆளுக்கொரு கையால் பிடித்தபடி, மறு கைகளையும் கோத்துக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நடுவயதுத் தம்பதியைக் கண்டதும், ஏதோ வேண்டுதல் போலும் என்று நினைத்து ஓசைப்படாமல் திரும்பிப் போனார்.

விளக்கு எரிந்தது. சிவப்பு.

"என் விரலை வெச்சதால ஏதாவது ஆயிருக்குமோ?"

"விரல்தானே வெச்ச? இதயத்தையா வெச்ச?" என்றார் பிரேக் மாஸ்டர்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வண்டி ஓட்டக்கூடாது, முன்னிருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவும் கூடாது, புதன்கிழமை நேரில் வரவேண்டும். செய்தி கேட்ட மைத்துனர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

"கவலையே படாதீங்க மாமா. ஆபீஸ் நாற்காலிக்கு மெத்தை தைக்கச் சொல்லிட்டேன். இனிமே நீங்க சாலை விதி வகுப்பு எடுங்க. போர்டு இருக்கு, குச்சி இருக்கு. ராஜா மாதிரி உட்கார்ந்துக்கலாம்."

அன்று பிற்பகல் பிரேக் மாஸ்டர் குச்சியோடு போர்டின் முன் நின்றார். முக்கோணச் சின்னத்தைக் காட்டி, "முன்னால் வளைவு" என்றார். சொன்னதும் வலது கால் தரையை மிதித்தது. வகுப்பிலிருந்த பதினோரு பேரும் அதையும் பாடம் என்று எண்ணித் தாங்களும் மிதித்தார்கள். அவர் போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு ஆயுள் முழுக்க இதுதானா? இரட்டைப் பிரேக் இல்லாத பிரேக் மாஸ்டருக்கு அந்த ஊரில் என்ன பெயர் மிஞ்சும்?

புதன்கிழமை மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததே இல்ல சார். கூட வேலை பார்க்கிற டாக்டர்கள் எல்லார்கிட்டயும் காட்டினேன். யாருக்கும் புரியல. ஒருத்தர் இதைப் பாடத்துல சேர்க்கலாம்னார்."

பிரேக் மாஸ்டருக்குப் பெருமையும் பீதியும் ஒருசேர வந்தன. வாழ்நாளில் எந்தப் பாடத்திலும் இடம்பெறாதவர் அவர்.

"இங்க பாருங்க. உயரமா ஒரு முனை வரிசை, வேகமாப் போகுது. நடுவுல குட்டையா இன்னொரு வரிசை, அது பாட்டுக்கு நிதானமாப் போகுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கவே இல்ல. ஒரே இதயம் இப்படித் துடிக்க வழியே கிடையாது. பதிவு பண்ணும்போது எப்படி உட்கார்ந்திருந்தீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காட்டட்டுமா டாக்டர்?" என்று மனைவிதான் கேட்டார். இரண்டு நாற்காலிகள் அருகருகே நகர்த்தப்பட்டன. மேசை மேலிருந்த தண்ணீர்ப் புட்டி கைப்பிரேக் ஆனது. பிரேக் மாஸ்டர் புட்டியைப் பிடித்தார். மனைவி அவர் கையைப் பிடித்தார். கருவிக்கு ஆளுக்கொரு கட்டைவிரல் தந்தார்கள். சிறிய திரையில் கோடு ஓடத் தொடங்கியது. உயரம், குட்டை, உயரம், குட்டை.

மருத்துவர் நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் அவர் முதுகு மட்டும் குலுங்கியது. திரும்பியபோது கண்களைத் துடைத்திருந்தார்.

"இந்தக் கருவிக்குக் கண்ணு கிடையாது சார். ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல என்ன இருந்தாலும் அதை ஒரே உடம்புன்னு நினைச்சுக்கும். உங்க விரல்ல தொடங்கி, உங்க நெஞ்சு வழியா, கோத்த கை வழியா, மேடம் நெஞ்சையும் தாண்டி, அவங்க விரல்ல முடிஞ்சிருக்கு. ரெண்டு பேர் இதயத்தையும் ஒரே கோட்டுல எழுதிடுச்சு."

"கல்யாண போட்டோல கூட நாங்க இவ்வளவு சேர்ந்து நிக்கல" என்றார் மனைவி.

எந்த வரிசை யாருடையது என்று அறிய மருத்துவர் மனைவியைத் தனியாகப் பதிவு செய்தார். குட்டை முனைகள் அவருடையவை. மேட்டுச் சாலையில் அவருடைய துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்தொன்று.

பிரேக் மாஸ்டரால் இதைத் தாங்க முடியவில்லை. "பின்னாடி வேன்காரன் உயிரை எடுக்கிறான். வண்டி அணைஞ்சு கிடக்கு. கீழ பாதாளம் மாதிரி இறக்கம். உனக்கு எழுபத்தொண்ணா?"

"எனக்கென்ன பயம்? நீங்கதான் பிடிச்சிட்டு இருந்தீங்களே."

பிரேக் மாஸ்டர் அப்போதும் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். புட்டியை மேசையில் வைத்தார்.

"சரி, இப்ப உங்க விஷயம்" என்றார் மருத்துவர். "உயரமான முனைகள் வேகமா ஓடுது. பயத்துல வர்ற வேகம்னா படிப்படியா ஏறும், அலைகளோட உருவம் மாறாது. இதயத்துலயே கோளாறுன்னா திடீர்னு தாவும், உருவமும் மாறும். ஆனா நிறைய இடத்துல மேடத்தோட துடிப்பு உங்க துடிப்பு மேல ஏறி உட்கார்ந்திருக்கு. பயமா, கோளாறான்னு இதை வெச்சு சொல்லமுடியாது. தனியா, தெளிவா ஒரு பதிவு வேணும். அந்த பேங்க்காரர் ஓட்டும்போது வேற மாஸ்டர் பக்கத்துல உட்காரட்டும். நீங்க பின்னாடி உட்கார்ந்து எடுங்க."

பிரேக் மாஸ்டர் மறுபடி சுவரிலிருந்த இதயத்தைப் பார்த்தார்.

"பேங்க்காரர் வேண்டாம் டாக்டர்."

"ஏன்? அவர் ஓட்டும்போதுதானே வருதுன்னீங்க?"

"அவர் ஓட்டும்போது வரல."

"அப்ப யார் ஓட்டும்போது?"

மனைவி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். பிரேக் மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க புகார் பதிவாயிடுச்சுங்க" என்றார் மனைவி, ஏறாத இறங்காத குரலில். "வேற ஏதாவது சொல்லணுமா?"

வீட்டில் அன்றும் மறுநாளும் கதவுகள் ஓசையின்றி மூடப்பட்டன. அறைந்து மூடியிருந்தால் பிரேக் மாஸ்டர் நிம்மதியாக இருந்திருப்பார். மூன்றாம் நாள் மாலை மனைவி துணி மடித்துக்கொண்டே, அலமாரியைப் பார்த்துச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி. நான் ஓட்டுறேன். தம்பி முன்னாடி. நீங்க பின்னாடி."

"நீ சொன்னா சரிதான்."

"உங்க சான்றுக்காக மட்டும்தான். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அந்த வண்டியின் பின்னிருக்கையில் பிரேக் மாஸ்டர் அதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தால் அது வேறு யாருடைய வண்டியோ போல் இருந்தது. முன்னால், அவருடைய இருக்கையில், மைத்துனர் சௌகரியமாகச் சாய்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளியதில் அவருடைய முழங்கால்கள் மார்புக்கு வந்தன. இரண்டாம் பிரேக் கண்ணுக்கே தெரியவில்லை. மைத்துனரின் கால் அதன் அருகில் எங்காவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மைத்துனர் காலைக் குறுக்கே போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, காலை பிரேக்குகிட்ட வை."

"அக்கா நல்லா ஓட்டுது மாமா. நீங்க விரலைத் தயாரா வெச்சுக்குங்க, போதும்."

வண்டி கிளம்பியது. கடைத்தெருவில் மனிதர்கள், தள்ளுவண்டிகள், நடுச்சாலையில் நின்று கதை பேசும் இருவர். பிரேக் மாஸ்டரின் கால் முன்னிருக்கையின் முதுகை அழுத்தியது.

"மாமா, ஏன் என் இடுப்புல உதைக்கிறீங்க?"

"பிரேக்."

"அங்க பிரேக் கிடையாது மாமா. அங்க நான்தான் இருக்கேன்."

கடைத்தெரு முடிந்தது. மனைவி ஒன்றையும் இடிக்கவில்லை, யாரையும் திட்டவுமில்லை. பிரேக் மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது கிணற்றுத் தண்ணீர் போல அமைதியாகக் கிடந்தது. எத்தனை நாள் வராதே வராதே என்று கெஞ்சினாரோ, அந்தப் படபடப்பு இன்று வந்தாக வேண்டும்; அது வரவில்லை. கண்ணாடியில் மனைவியின் கண்கள் தெரிந்தன.

"வந்துச்சா?"

"வரல."

"பேங்க்காரரைக் கூப்பிட்டுக்கலாமா?"

மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் வண்டி பெரிய ரவுண்டானாவை நெருங்கிவிட்டது. ஐந்து சாலைகள் வந்து சேரும் இடம். வலப்பக்கத்திலிருந்து ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு மிதிவண்டி, அதன் பின்னிருக்கையில் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. மைத்துனருக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. கண்ணை மூடிக்கொண்டு தும்மினார்.

பிரேக் மாஸ்டரின் நெஞ்சு எகிறியது. இரண்டு கட்டைவிரல்களும் தகடுகளில் போய் விழுந்தன. கருவி ஒருமுறை பீப் என்றது.

வலது கால் புறப்பட்டது. மிதித்தால் மஞ்சள். சான்று இல்லை. மெத்தை தைத்த நாற்காலி காத்திருக்கிறது. அவர் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மிதிக்கத் தரையே இல்லாமல் செய்துவிட்டார். கால் தொடைக்கடியில் துடித்து அடங்கியது. பிறகு வாய். "பிரேக்" என்ற சொல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் எந்த நெருக்கடியிலும் அதை அவர் தடுத்ததில்லை. பல்லைக் கடித்தால் தசை இறுகும். ஆகவே கடிக்கவும் முடியாது. வாயைத் தளர்வாக மூடி, அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடிப் பலகையில் அவர்களுடைய வண்டியே எதிரே வருவதுபோல் தெரிந்தது. பிரேக் மாஸ்டரால் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது: முன்னால் உட்கார்ந்திருப்பவரை நம்புவது. அதற்கு அவர் யாருக்கும் பயிற்சி கொடுத்ததில்லை, தானும் எடுத்துக்கொண்டதில்லை.

வேகம் குறைந்தது. குலுக்கல் இல்லாமல், தண்ணீரில் படகு நிற்பதுபோல் வண்டி நின்றது. மிதிவண்டி கடந்தது, லாரி கடந்தது. மனைவி ஒரு கையால் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, தும்மிக்கொண்டிருந்த தம்பியிடம் ஒரு கைக்குட்டையை நீட்டினார். பின்னர் முதல் கியர், இரண்டாம் கியர். ரவுண்டானாவில் பாதி வட்டம் போய் மூன்றாவது சாலையில் திரும்பினார்.

கருவி மறுபடி பீப் என்றது.

"இன்டிகேட்டர்!" என்று பிரேக் மாஸ்டர் அலறினார். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளிவந்தது. மைத்துனருக்குத் தும்மல் நின்றேபோனது.

"அப்பவே போட்டாச்சு" என்றார் மனைவி. "சத்தம் கேக்கலையா? டிக் டிக்குன்னு."

கேட்கவில்லை. அவர் காதுக்குள் வேறொன்று அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தினார். கைப்பிரேக்கைத் தனியாகவே போட்டார். திரும்பிப் பின்னால் பார்த்தார். இருக்கையின் மேல் சம்மணமிட்டு, நெற்றியெல்லாம் வியர்த்து, இரண்டு கைகளாலும் கருவியை ஏந்தியபடி கணவர் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"என்னங்க இது, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"காலை நம்பமுடியல" என்றார் பிரேக் மாஸ்டர்.

"என்னை?"

"முப்பது விநாடி நம்பியாச்சு. மீதிக்குக் கொஞ்சம் டைம் கொடு."

"விளக்கு என்ன சொல்லுது மாமா?" என்று மைத்துனர் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார். கட்டைவிரல்கள் இன்னும் தகடுகளை விட்டு வரவில்லை. மனைவி கையை நீட்டி ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்த்தார். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

மருத்துவரின் அறிக்கை அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை வந்தது. அலுவலகத்தில் மைத்துனர் அதை உரக்கப் படித்தார். பதிவு நாள்: அக்டோபர் 20. பதிவின் தரம்: தெளிவு. அலைகளின் உருவம்: இயல்பு. துடிப்பின் ஒழுங்கு: சீரானது. பயிற்சியாளர் பணிக்கு உடற்தகுதி: உண்டு. துடிப்பின் வேகம்: நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு.